65 வாட் பிராசசர் ஏன் 95 டிகிரிக்குப் போகிறது? கடலோர ஊரில் சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டுவதற்கான கணக்கு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் கம்பெனியின் பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) என்றால், பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். அதனால் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பழைய சிஸ்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக அசெம்பிள் செய்கிற வீடுகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையவே இருக்கின்றன. புதுசு வந்த கையோடு ஒரு குழப்பமும் வருகிறது. பழைய பிராசசரும் 65 வாட், புதியதும் 65 வாட் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கிறது, ஆனால் பழையது எப்போதும் அடக்கமாக ஓடியது, இது வீடியோ எடிட்டிங்கைத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் 95 டிகிரி காட்டுகிறது, ஃபேன் வேறு இரைகிறது. கடைக்காரரிடம் கேட்டால் "இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான் சார்" என்கிறார். யூடியூபில் பார்த்தால் அதே பிராசசர் 75 டிகிரியில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

இரண்டுமே பொய்யில்லை. எங்கே இடிக்கிறது என்று புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து போகலாம். போகிற வழியிலேயே, நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற, சூடும் சத்தமும் குறைந்த ஒரு சிஸ்டத்தை எப்படித் திட்டமிடுவது என்பதும் தெளிவாகிவிடும். சுருக்கமாக என் கருத்து இதுதான்: சத்தத்தைக் குறைக்க நினைப்பவர்கள் ஃபேனிலிருந்து தொடங்குகிறார்கள், தொடங்க வேண்டியது வாட்டிலிருந்து.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எதைக் குறிக்கிறது?

பிராசசர் இழுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் இழுத்தால் 100 வாட் சூடு, அதில் பேரமே இல்லை. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 65 வாட் என்பது அது அதிகபட்சமாக இழுக்கும் அளவு அல்ல.

1. இன்டெல் இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று அடிப்படை மின்திறன், இன்னொன்று டர்போ ஓட்டத்தின், அதாவது சிப் தன் வேகத்தை முடிந்த மட்டும் ஏற்றி ஓடும்போதான, உச்ச மின்திறன். அதன் ஐ5 12400 பிராசசருக்கு முதல் எண் 65 வாட், இரண்டாவது 117 வாட். ஐ5 13400-க்கு 65 வாட், 148 வாட். பெரிய எழுத்தில் விளம்பரத்தில் வருவது முதல் எண்தான்.

2. இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் இதையே வேறு விதமாகச் செய்கிறது. அதன் ரைசன் 5 7600 பிராசசருக்கு 65 வாட் என்பார்கள், சாக்கெட் (மதர்போர்டில் சிப் உட்காரும் இடம்) வழியாக அது இழுக்க அனுமதி 88 வாட். ரைசன் 5 7600எக்ஸ்-க்கு 105 வாட் என்பார்கள், அனுமதி 142 வாட்.

3. இதற்கு மேல் மதர்போர்டு கம்பெனிகள் ஒரு வேலை செய்கின்றன. இன்டெல் போர்டுகள் பலவற்றில் பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும், போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்பு, கடையிலிருந்து வரும்போதே, உச்ச அளவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடலாம் என்று திறந்துவிடப்பட்டிருக்கும். சோதனைப் பட்டியலில் ஓரிரு சதவீதம் முன்னால் நிற்பதற்காகச் செய்வது அது. அதன் சூட்டைத் தாங்குவது நம் அறை.

மேலே சொன்ன இரண்டும் அடங்கிய ரைசன் 7000 வரிசைக்கு 95 டிகிரி என்பது ஆபத்து எல்லையே அல்ல, அதுவரை போய் வேலை செய், தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள் என்றே வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வகையில் கடைக்காரர் சொல்வது சரிதான். சிப் எரிந்துவிடாது. ஆனால் 95-ஐத் தொடும்போது ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், கேபினெட்டுக்குள் இருக்கும் மற்றவையும் சேர்ந்து வேகும், பலன் என்று பார்த்தால் மிகக் கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு ரைசன்களையே பாருங்கள். இரண்டிலும் 6 கோர். ஒற்றைக் கோரின் உச்ச வேகம் 7600-க்கு 5.1 கிகாஹெர்ட்ஸ், 7600எக்ஸ்-க்கு 5.3 கிகாஹெர்ட்ஸ். வேகத்தில் 4 சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, இழுக்கும் அனுமதியில் 54 வாட் வித்தியாசம். காரணம் இயற்பியல்: சிப் இழுக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸைப் பிழிந்தெடுக்க மின்னழுத்தத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் சூடு எகிறுகிறது.

அறையின் சூடு எங்கே நுழைகிறது?

சிப்பின் மேல் உட்காரும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுத் தொகுதி எதையும் குளிர்விப்பதில்லை. சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் கூலரும் அப்படியே. எவ்வளவு செலவழித்தாலும் சிப்பின் வெப்பநிலை அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. அதற்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சிப்பிலிருந்து காற்று வரை உள்ள வெப்பத் தடையை, ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று எழுதுவார்கள். ஒரு நல்ல டவர் கூலர், மெதுவாகச் சுற்றும் ஃபேன், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் எல்லாவற்றையும் சேர்த்து வாட்டுக்கு 0.4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும், அதையும் கூட்ட வேண்டும்.

யூடியூப் விமர்சகரின் ஏசி அறை, 24 டிகிரி: 142 வாட் இழுத்தால் சிப் 57 டிகிரி ஏறும், கேபினெட்டுக்கு 9, மொத்தம் 90. எல்லைக்குள் நிற்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, 36 டிகிரி: அதே 57, அதே 9, மொத்தம் 102. 95-ல் தடுப்பு விழும், வேகம் குறையும், ஃபேன் அலறும். அதாவது 142 வாட்டுக்குக் காசு கொடுத்தும் அது கிடைக்காது.

அதே 36 டிகிரி அறையில் 88 வாட்டோடு நிறுத்தினால்: 35 ஏறும், கேபினெட்டுக்கு 6, மொத்தம் 77. ஃபேன் அமைதியாக இருக்கும்.

பெட்டியோடு இலவசமாக வரும் சின்னக் கூலரில் இந்தத் தடை இன்னும் கூடுதல். அதை 0.6 என்று வைத்தால் அதே 88 வாட்டில் 53 ஏறி, மொத்தம் 95. முதல் பத்தியில் இருந்த குழப்பத்துக்கு விடை இதுதான். இவை என் உதாரண எண்கள், ஒவ்வொரு கூலருக்கும் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஒரு டிகிரி ஏறும், அதை ஈடுகட்ட வாட்டைக் குறைக்கலாம் அல்லது ஃபேனை விரட்டலாம். சத்தம் வேண்டாம் என்றால் முதல் வழிதான்.

ஆகவே, அசெம்பிள் செய்ததும் பயாஸில் செய்ய வேண்டிய முதல் வேலை: ஏஎம்டி என்றால் ஈகோ மோடு (இழுக்கும் வாட்டைக் குறைக்கும் அமைப்பு), இன்டெல் என்றால் நீண்டநேர, குறுகியநேர மின்திறன் எல்லைகள் இரண்டையும் 65-க்கும் 90-க்கும் நடுவில் நிறுத்துவது. காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை. ஆஃபீஸ் வேலை, பிரவுசர், டேலி, ஆன்லைன் வகுப்பு போன்றவற்றில் வித்தியாசமே தெரியாது. நீண்ட வீடியோ ரெண்டரிங்கில் மட்டும் கொஞ்சம் நேரம் கூடும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இதே நியாயம்தான். முதலில் அது தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிராசசரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் விளையாட்டும் எடிட்டிங்கும் இல்லாத வீட்டுக்கு அது போதும். தேவை என்றால் வாட்டைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட், அதற்கு அடுத்த தலைமுறை 4060-க்கு 115 வாட். சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுதாக நிறுத்திவிடும் வசதி இன்று பல கார்டுகளில் உண்டு, அது இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

சத்தம் எப்படிக் கூடுகிறது?

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். அது சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் 3 டெசிபல்தான் ஏறும்.

ஃபேனின் வேகத்துக்கும் அதன் சத்தத்துக்கும் உள்ள உறவுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தள்ளும் காற்று வேகத்துக்கு நேர் விகிதம், பாதி வேகத்தில் பாதிக் காற்று. சத்தமோ தோராயமாக வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் போகிறது. 1500 சுற்றில் ஓடும் ஃபேனை 750-க்குக் குறைத்தால் சுமார் 15 டெசிபல் இறங்கும். காற்று பாதியாகிவிட்டதே என்றால், அதே மாதிரி இன்னொரு ஃபேனைச் சேருங்கள், 3 டெசிபல் ஏறும், காற்று பழையபடி கிடைக்கும், மொத்தத்தில் 12 டெசிபல் லாபம். நிறைய ஃபேன் போட்டால் நிறையச் சத்தம் வரும் என்று பலர் பயப்படுவது இதனால்தான் தவறு. அதேபோல 80 மிமீ ஃபேனைவிட 120 மிமீ, அதைவிட 140 மிமீ ஃபேன் நல்லது, குறைந்த சுற்றில் அதே காற்றைத் தரும்.

எவ்வளவு காற்று வேண்டும்? கேபினெட்டுக்குள் 200 வாட் சூடு, உள்ளே நுழையும் காற்றைவிட வெளியே போகும் காற்று 10 டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று வைத்தால், நொடிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் காற்று போதும். இது பெரிய அளவே இல்லை. முன்பக்கம் வலை வைத்த கேபினெட்டில் மெதுவாகச் சுற்றும் 120 மிமீ ஃபேன் இரண்டு உள்ளே இழுக்க, ஒன்று பின்னால் வெளியே தள்ள, வேலை முடிந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே ஆறு கலர் ஃபேன் மின்னும் கேபினெட்டுகளை வாங்காதீர்கள். காற்று நுழைய இடமில்லாத இடத்தில் ஃபேன் வெறுமனே இரைச்சல் போடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் கடையில் சொல்வதில்லை. காதை அதிகம் உறுத்துவது ஒரே சீராக வரும் சத்தம் அல்ல, ஏறி ஏறி இறங்கும் சத்தம். இன்றைய சிப்புகள் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே அரை நொடிக்கு 15, 20 டிகிரி தாவி இறங்கும், ஃபேனும் கூடவே சீறி அடங்கும். பயாஸில் ஃபேன் வேகம் ஏறுவதற்கான தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதைக் கூட்டிவையுங்கள், 60 டிகிரி வரை ஒரே வேகம், அதன் பிறகு மெதுவான ஏற்றம். இதற்கு நான்கு முள் கனெக்டர் உள்ள ஃபேன் வசதி. மூன்று முள் ஃபேனையும் பெரும்பாலான போர்டுகளில் மின்னழுத்தத்தைக் குறைத்து அடக்கலாம்.

பாகங்களைத் தேர்வு செய்யும்போது

1. கூலர்: செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உள்ள 120 மிமீ டவர் கூலர். அந்தக் குழாய் காலியான குழாய் அல்ல, உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் அடைத்திருப்பார்கள், அது சிப்பின் பக்கம் ஆவியாகித் தகட்டின் பக்கம் திரவமாகித் திரும்பும். மோட்டார் இல்லை, சத்தமில்லை, தேயவும் எதுவுமில்லை. 150 வாட் வரை தண்ணீர் கூலருக்கு நான் போகச் சொல்ல மாட்டேன். அதில் பம்பின் ரீங்காரம் எப்போதும் இருக்கும், பம்பு நின்றால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். டவர் கூலரில் ஃபேன் நின்றால் ஃபேனை மட்டும் மாற்றலாம்.

2. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி): இங்கேதான் ஆட்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்கள், பிடிக்கவே கூடாத இடம். 250 வாட் சுமைக்கு 85 சதவீதத் திறன் உள்ளது 44 வாட்டைச் சூடாக வீணாக்கும், 90 சதவீதத் திறன் உள்ளது 28 வாட்டோடு நிற்கும். 80 பிளஸ் கோல்டு என்ற திறன் முத்திரை உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ், பாதிச் சுமையில் ஓடும்போது பெரும்பாலும் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி குறைவுக்கும் சுமார் இரண்டு மடங்காகிறது என்பது எலெக்ட்ரானிக்ஸில் பழகிய கணக்கு, ஆகவே சூடு குறைந்தால் ஆயுளும் கூடுகிறது. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் அதில் முனகலாம், சில நின்றும் விடும். சைன் அலை இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோதான் பொருத்தம்.

3. ஹார்ட் டிஸ்க்: சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி மட்டும் வையுங்கள். பழைய சுழலும் டிஸ்க் வேண்டுமே என்றால் வெளியே யூஎஸ்பி பெட்டியில் வைத்துத் தேவைப்படும்போது மாட்டலாம். வேகம் என்று மயங்கி ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை) எஸ்எஸ்டி வாங்க வேண்டாம், அதற்கே தனி ஹீட்சிங்க் கேட்கும்.

உப்புக் காற்று: நம் ஊருக்கு மட்டும் கூடுதல் பாடம்

கடலோரத்தில் இருக்கும் தேவனாம்பட்டினத்திலோ குருசுக்குப்பத்திலோ ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருவேறும் என்பது தெரிந்ததுதான். அதே காற்றைத்தான் கேபினெட் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுத்து மதர்போர்டின் மேல் விடுகிறது. வலை ஃபில்டர் பஞ்சையும் முடியையும் பிடிக்கும், கடல் தெளிப்பிலிருந்து வரும் உப்புத் துகள் சில மைக்ரான் அளவே என்பதால் தப்பிப் போய்விடும்.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக ஈரத்தை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அதற்கு 33 சதவீதமே போதும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் காற்று 80-க்கு மேலேயே நிற்கும். தூசியும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கசியக்கூடிய ஒரு படலம் போர்டின் மேல் உருவாகிறது. மழைக்காலத்தில் சிஸ்டம் ஆன் ஆகாமல் போவதற்கும், மெக்கானிக் வந்து ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டதும் ஓடுவதற்கும் பெரும்பாலும் காரணம் ராமின் முனைகளில் படிந்த இந்தப் படலம்தான். ரப்பர் தேய்ப்பு வேலை செய்கிறது, ஆனால் அந்த முனைகளில் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, அடிக்கடி தேய்த்தால் பூச்சு போய் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கெடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது மேல்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். முதலாவது, மேலே பார்த்த கணக்கு இங்கேயும் உதவுகிறது: வாட் குறைந்தால் தேவையான காற்று குறைகிறது, காற்று குறைந்தால் உள்ளே போகும் உப்பும் தூசியும் குறைகின்றன. உள்ளே இழுக்கும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிடக் கூடுதலாக இருந்தால், ஃபில்டர் இல்லாத இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது.

இரண்டாவது, சில்லென்று வைத்திருப்பது இங்கே நல்லதல்ல. 30 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, கேபினெட்டுக்குள் 40 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் சுமார் 50 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஓடுகிற சிஸ்டம் தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது, வாரக்கணக்கில் அணைத்து மூலையில் வைத்த சிஸ்டம்தான் கெடுகிறது. மழைக்காலத்தில் தேவை இல்லாவிட்டாலும் தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்லது. ஏசி அறையில் இன்னொரு கவனம் வேண்டும்: 24 டிகிரியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த, அணைத்து வைத்த சிஸ்டம் இருக்கும் அறையில் காலையில் ஜன்னலைத் திறந்தால், வெளிக்காற்றின் பனிநிலை (எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றின் ஈரம் நீராகப் படியுமோ அது) கோடையில் 27 டிகிரியை எட்டியிருக்கலாம் என்பதால், உலோகத்தின் மேல் ஈரம் படியும். அந்த நேரத்தில் உடனே ஆன் செய்யாமல் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வைக்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேசையின் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது, சுவரிலிருந்து பின்பக்கம் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், தரையில் வேண்டாம். தரைத் தூசி ஒரு காரணம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் வீடுகளுக்குள் தண்ணீர் நுழைந்தது இன்னொரு காரணம். ப்ளோயரால் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

கட்டி முடித்த பிறகு சரிபார்ப்பது எப்படி?

வீட்டு சீலிங் ஃபேன் ஓடும் அறையில் அதன் சத்தத்துக்கு மேல் கம்ப்யூட்டர் கேட்காவிட்டால் அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. இரவில் ஏசி போட்டு ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்பவர்களுக்குத்தான் இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும், அவர்கள் முதலில் ஃபேன் எண்ணிக்கையைக் கூட்டி வேகத்தைக் குறைக்கட்டும்.

சூட்டைச் சரிபார்க்கும்போது சிப்பின் டிகிரியை மட்டும் குறித்துவைத்தால் பயனில்லை, பக்கத்தில் அறையின் டிகிரியையும் எழுதுங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிஸ்டத்தின் உண்மையான அளவு. மார்கழியில் 26 டிகிரி அறையில் 75 காட்டியது என்றால் வித்தியாசம் 49. அதே சிஸ்டம் மே மாத மதியம் 37 டிகிரி அறையில் 86 காட்டும், அதில் கோளாறு எதுவும் இல்லை. வித்தியாசமே 49-லிருந்து 60-க்கு ஏறியிருந்தால் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். முதலில் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டிப் பாருங்கள், அதில் இறங்காவிட்டால் மட்டும் கூலரைக் கழற்றுங்கள்.